நகராத பூச்சியம்: சிறு சிஎன்சி இயந்திரத்தில் வேலை ஆள்கூறும் பிட் உயரமும்

சிஎன்சி இயந்திரம் பலகையில் எங்கே வெட்டுகிறது என்பதை மூன்று எண்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எல்லை ஆளிகளைத் தொட்டு இயந்திரம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பூச்சியம் முதலாவது. அந்தப் பூச்சியத்திலிருந்து பலகையின் மூலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. ஸ்பின்டிலில் பூட்டிய பிட்டின் நுனி எவ்வளவு கீழே நீண்டிருக்கிறது என்பது மூன்றாவது. கணினியில் வரைந்த கோடு இந்த மூன்றின் மேலேதான் நிற்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று அரை மில்லிமீற்றர் பிசகினால் கோடும் அரை மில்லிமீற்றர் பிசகும். பிசகியதை இயந்திரம் சொல்லாது. வெட்டி முடிந்த பலகைதான் சொல்லும்.

சொல்லாததற்குக் காரணம் ஸ்ரெப்பர் மோட்டரின் இயல்பு. சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் பூட்டப்படும் மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு படியையும் மின்னோட்டத்தால் 16 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200 துடிப்புகள். திருகுத்தண்டு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் நகர்த்துமானால் ஒரு மில்லிமீற்றருக்கு 800 துடிப்புகள் வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை தான் அனுப்பிய துடிப்புகளை மட்டுமே எண்ணுகிறது. மோட்டர் உண்மையில் சுழன்றதா, மரக்கணுவில் பிட் சிக்கி நின்றுபோனதா என்பதை அறிய அதனிடம் வழி இல்லை. எண்ணிக்கை சரியாகவே தொடரும். இடம் மட்டும் தவறிவிடும்.

படி தவறும்போது அந்தப் பிழை கண்டபடி வருவதில்லை. காந்தப்புலத்தோடு மறுபடி ஒத்துப்போகும் இடத்தில்தான் சுழலி போய் நிற்கும்; அப்படியான இடங்கள் நான்கு முழுப்படிகளுக்கு ஒன்றாகச் சுற்றுக்கு 50 உண்டு. ஆகவே 4 மில்லிமீற்றர் திருகுத்தண்டில் தவறு 0.08 மில்லிமீற்றரின் மடங்குகளாக வரும். 8 மில்லிமீற்றர் தண்டில் அது 0.16. இருபது பல் கப்பியில் 2 மில்லிமீற்றர் இடைவெளிப் பல்பட்டி ஓடும் இயந்திரத்தில் 0.8. பிழையைத் தேடுபவருக்கு இது பெரிய உதவி. வேலை முடிந்து பிட்டைப் பழைய பூச்சியத்துக்குக் கொண்டுவரும்போது பட்டி இயந்திரம் 0.8 அல்லது 1.6 மில்லிமீற்றர் தள்ளி நின்றால் படி தவறியிருக்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மழுங்கிய பிட்டை மாற்ற வேண்டும். 0.3 என்று இடைப்பட்ட அளவில் நின்றால் மோட்டரைச் சந்தேகிப்பதில் பயனில்லை. தண்டின் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கும், பலகை பிடியிலிருந்து நழுவியிருக்கும், அல்லது நட்டின் இடைவெளி கூடியிருக்கும்.

எண்ணால் இயக்கப்படும் வெட்டும் இயந்திரம் 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பொதுவில் காட்டப்பட்டபோது, அதன் கட்டுப்பாட்டுக் கருவியே ஓர் அறையில் இடம்பிடித்தது. 2009இல் நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் எழுதத் தொடங்கி, பின்னர் சொனி ஜியோன் வளர்த்தெடுத்த ஜிஆர்பிஎல் என்னும் இலவச மென்பொருள் அந்த வேலையை ஆர்டுயினோ ஊனோ என்ற உள்ளங்கை அகலப் பலகைக்குக் கொண்டுவந்தது. பெரிய தொழிற்சாலை இயந்திரங்களில் உள்ள ஜி54 முதல் ஜி59 வரையான ஆறு வேலை ஆள்கூற்றுத் தொகுதிகள் ஜிஆர்பிஎல்லிலும் உண்டு. பெரிய இயந்திரத்தில் இருக்கும் அளவு காப்பு மட்டும் இல்லை. அதை இயக்குபவரின் ஒழுங்குதான் ஈடுசெய்ய வேண்டும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கிறது உடையார்கட்டு. இங்கே ஒரு தச்சுப் பட்டறையின் ஓரத்தில் இப்படியொரு இயந்திரத்தை வைத்துக் கதவுப் பூவேலையோ பெயர்ப்பலகையோ வெட்ட நினைப்பவர் சமாளிக்க வேண்டியவை மூன்று: திடீரென நிற்கும் மின்சாரம், தகரக் கூரையின் கீழ் ஏறி இறங்கும் வெப்பம், மாரியில் ஊதிக் கச்சான் காற்றில் வற்றும் மரம். நகரத்துக் குளிரூட்டிய அறைக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை அதிகம் பேசப்படுவதில்லை.

இயந்திரப் பூச்சியம்

மின்சாரம் கொடுத்தவுடன் ஜிஆர்பிஎல் தான் நிற்கும் இடத்தையே பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. மேசையின் நடுவில் நின்றால் நடுதான் பூச்சியம். நேற்று ஜி54இல் சேமித்த மூலை நினைவகத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அது இன்றைய பொய்ப் பூச்சியத்திலிருந்து அளக்கப்படுவதால் பிட் வேறெங்கோ போகும். ஹோமிங் இதற்காகவே இருக்கிறது. ஒவ்வோர் அச்சும் தன் எல்லை ஆளியை வேகமாகத் தொட்டு, பின்வாங்கி, மெதுவாக மறுபடி தொட்டு, அங்கே பூச்சியத்தை நிறுவுகிறது. $22 அமைப்பை இயக்கிவைத்தால், மின்சாரம் வந்த பின் ஹோமிங் செய்யும்வரை இயந்திரம் பூட்டியே இருக்கும். அந்தப் பூட்டை அவசரத்தில் விடுவித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது பலகையைப் பணயம் வைப்பதாகும்.

எல்லை ஆளி பூட்டப்படாத மலிவான இயந்திரங்கள் சந்தையில் நிறையவே உண்டு. மூன்று நுண்ணாளிகளின் விலை ஒரு முதிரைப் பலகையின் விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. இயந்திரத்துக்கு முதலில் செய்ய வேண்டிய திருத்தம் ஆளி பூட்டுவதுதான். ஆளியை வழக்கமாக மூடியிருக்கும் வகையில் இணைப்பது நல்லது. கம்பி அறுந்தால் ஆளி அழுத்தப்பட்டதாகவே தெரியும், இயந்திரம் நின்றுவிடும். மறுவகையில் இணைத்தால் அறுந்த கம்பி யாருக்கும் தெரியாது, அச்சு முட்டும்வரை ஓடும்.

ஸ்பின்டிலாகப் பூட்டும் றவுட்டர் மோட்டரின் கரித்தூரிகைகள் எழுப்பும் மின்னிரைச்சல் ஆளிக் கம்பிகளில் பொய்த் துடிப்பாக ஏறுவதுண்டு. ஆளிக் கம்பிகளை றவுட்டர் கம்பியிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதும், உள்ளீட்டில் ஒரு தடையியும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் சேர்ப்பதும் இதைப் பெருமளவு அடக்கும். தூள் உறிஞ்சும் பிளாஸ்ரிக் குழாயில் சேரும் நிலைமின்னும் இதே கேட்டைச் செய்யும். காற்று வறண்ட கச்சான் மாதங்களில் அது கூடும். குழாய்க்குள் ஒரு வெற்றுக் கம்பியை ஓடவிட்டுப் புவித்தொடுப்பில் சேர்த்தால் போதும்.

வேலைப் பூச்சியம்

பலகையின் மூலையை இயந்திரத்துக்குக் காட்டுவதில் எக்ஸ், வை அச்சுகள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஒரே பிடியில் வெட்டி முடிக்கும் பெயர்ப்பலகை 0.2 மில்லிமீற்றர் இடம் தள்ளி அமைந்தால் யாருக்கும் தெரியாது. பலகையைப் புரட்டிப் பின்புறமும் வெட்டும்போதும், பாதியில் நின்ற வேலையைத் தொடரும்போதும்தான் துல்லியம் தேவை. அப்போது வெட்டும் பிட்டால் விளிம்பைத் தொடுவது சரிவராது. இரண்டு வெட்டு விளிம்பு கொண்ட பிட்டின் விட்டம் அந்த விளிம்புகளுக்குக் குறுக்கே மட்டுமே முழு அளவு. மற்றத் திசையில் குறைவு. வழுவழுப்பான 6 மில்லிமீற்றர் உருக்குத் தண்டை, பிட்டைக் கவ்வும் கொலெட்டில் பூட்டி விளிம்பைத் தொட்டு, 3 மில்லிமீற்றர் ஆரையைக் கழித்தால் இந்தப் பிழை வராது.

தொட்ட இடத்தை எந்தக் கட்டளையால் பதிவது என்பது முக்கியம். ஜி92 என்ற பழைய கட்டளை ஆறு தொகுதிகளையும் ஒரேயடியாக நகர்த்தும். இயந்திரம் மீளத் தொடங்கியதும் மறைந்துவிடும். நகர்த்தியதை மறந்த கையில் அது பொறியாகிவிடும். ஜி10 எல்20 கட்டளையால் ஜி54இல் எழுதினால் எண் நினைவகத்தில் நிலைத்து நிற்கும். நிலைத்தாலும் ஒரு கொப்பியில் அதை எழுதிவைப்பது நல்லது. வெட்டும் பலகைக்குக் கீழே மேசையில் பூட்டிய அடிப்பலகையில் ஓர் ஒதுக்கான இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்றை இட்டு, அதன் இயந்திர ஆள்கூற்றையும் அதே பக்கத்தில் குறித்துவைக்கலாம். சந்தேகம் வரும்போதெல்லாம் ஹோமிங் செய்து, உருக்குத் தண்டை அந்த ஆள்கூற்றுக்கு அனுப்பிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: தண்டு துளைக்குள் இறங்கினால் பூச்சியம் நகரவில்லை.

பிட் உயரம்

பெரும்பாலான பலகைகள் கெடுவது இசட் அச்சில். எக்ஸும் வையும் பிட்டை மாற்றினாலும் மாறுவதில்லை. இசட் ஒவ்வொரு பிட்டுக்கும் மாறும். கொலெட்டுக்குள் பிட்டை அதே ஆழத்துக்குக் கையால் செருக முடியாது. அப்படிச் செருகினாலும் நட்டை இறுக்கும்போது கொலெட் பிட்டைச் சிறிது இழுத்துக்கொள்ளும். பிட்டின் காம்பில் கோடு போட்டு அதைப் பார்த்துப் பூட்டுவது ஏமாற்றமாகவே முடியும்.

பிழையின் விலை பிட்டின் வடிவத்தைப் பொறுத்தது. தட்டை நுனிப் பிட் 0.3 மில்லிமீற்றர் ஆழமாகப் போனால் பள்ளத்தின் அடி 0.3 இறங்கும், கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். எழுத்து வெட்டும் வி வடிவப் பிட்டில் ஆழமே அகலமாகிறது. 90 பாகைப் பிட்டில் வெட்டின் அகலம் ஆழத்தின் இருமடங்கு. 4 மில்லிமீற்றர் அகலக் கோட்டுக்கு 2 மில்லிமீற்றர் ஆழம் போதும். உயரம் 0.3 தவறினால் அகலம் 4.6 ஆகிவிடும். தமிழ் எழுத்துகள் இந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுப்பவை: ணகரத்தின் சுழிகளும் ழகரத்தின் வளைவும் தடித்து, நடுவில் நிற்க வேண்டிய மெல்லிய மரம் சிதறி, சுழி அடைபடும். 60 பாகைப் பிட்டில் அகலம் ஆழத்தின் 1.15 மடங்குதான், அதே 0.3 தவறு 0.35 அகலத்தையே கூட்டும். நுண்ணிய எழுத்துக்குக் கூரிய கோணம் பாதுகாப்பானது என்பதற்கு இதுவே கணக்கு.

வி பிட்டின் நுனி தேய்வதும் உயரப் பிழைதான். 90 பாகைப் பிட்டின் நுனி உடைந்து 0.2 மில்லிமீற்றர் தட்டையானால், இருந்திருக்க வேண்டிய கூர்முனை 0.1 மில்லிமீற்றர் கீழே போய்விட்டது என்று பொருள். தட்டையான நுனியை மரத்தின் மேல் பூச்சியமாக்கினால் கூம்பு முழுவதும் 0.1 ஆழமாக இறங்கும்; ஒவ்வொரு கோடும் 0.2 தடிக்கும். உருப்பெருக்கியால் நுனியைப் பார்த்துவிட்டுப் பூட்டுவது சில விநாடி வேலை.

உயரத்தை அளக்கும் எளிய வழி தாள். 80 கிராம் எழுதுதாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. பிட்டுக்கும் மரத்துக்கும் இடையில் தாள் பிடிபடும்வரை இறக்கி, 0.1 என்று பதிவார்கள். கை உணர்வைப் பொறுத்ததால் ஆளுக்கு ஆள் சிறிது மாறும். தொடுதட்டு இதைவிட நம்பத்தக்கது. அளந்த தடிப்புள்ள உலோகத் தட்டு ஒரு கம்பியிலும், பிட்டைக் கவ்வும் இடுக்கி மற்றக் கம்பியிலும் இருக்கும். பிட் தட்டைத் தொட்ட கணத்தில் சுற்று மூடி, ஜிஆர்பிஎல் அந்த இடத்தைப் பதிகிறது. முதலில் வேகமாக ஒரு தொடுதல், சிறிது ஏறி, நிமிடத்துக்கு 25 மில்லிமீற்றர் போன்ற மெதுவான வேகத்தில் இரண்டாவது தொடுதல்; இரண்டாவதையே ஏற்க வேண்டும். தட்டின் தடிப்பை விற்றவர் அச்சிட்ட எண்ணிலிருந்து எடுக்காமல் வேணியர் இடுக்கிமானியால் அளந்து எடுப்பது அவசியம். நுனியில் ஒட்டிய பிசினும் தட்டில் படிந்த தூளும் தொடுகையைத் தாமதப்படுத்தும். துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முன் இடுக்கியைக் கையால் தட்டில் தொட்டு, திரையில் அடையாளம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாட்ட மறந்த இடுக்கி பிட்டையே தட்டுக்குள் குத்தவிடும்.

ஒரே பிட்டோடு முடியும் வேலைக்குத் தொடுதட்டு போதும். இரண்டாவது பிட் வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பின்னணியை 6 மில்லிமீற்றர் தட்டைப் பிட்டால் வழித்தெடுத்த பிறகு, முதலில் தொட்ட மரமேற்பரப்பே இருக்காது. ஆகவே மரத்தை நம்பாமல், மேசையோடு திருகிப் பூட்டிய ஒரு நிலையான தொடுமேடையை நம்ப வேண்டும். மரம் வெட்டுப்பட்டாலும் தொடுமேடை அதே உயரத்தில் நிற்கும்.

கணக்கு இப்படிப் போகும். இயந்திரப் பூச்சியம் மேலே. கீழே போகப் போக மறை எண் வளரும். முதல் பிட் மரத்தின் மேற்பரப்பை −48.25இல் தொட்டது, அதே பிட் தொடுமேடையை −61.40இல் தொட்டது. பிட்டை மாற்றிய பின் புதிய பிட் தொடுமேடையை −57.15இல் தொடுகிறது. முன்னதைவிட 4.25 மில்லிமீற்றர் உயரத்திலேயே தொட்டுவிட்டதால் புதிய பிட் அவ்வளவு நீளம். மரத்தின் மேற்பரப்பு இனி இந்தப் பிட்டுக்கு −48.25 + 4.25 = −44.00. மரத்தைத் தொடாமலே, இப்போது இல்லாத மேற்பரப்பின் உயரம் கிடைத்துவிட்டது. இந்த 4.25ஐ ஜி43.1 கட்டளையால் பிட் நீள ஈடாகக் கொடுக்கலாம். ஜி54இன் இசட் எண் தொடப்படாமல் இருக்கும். மீளத் தொடங்கினால் ஜி43.1இன் மதிப்பு அழிந்துவிடும் என்பதால் மின்சாரம் நின்று வந்தபின் தொடுமேடையை மறுபடி தொட்டே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வெட்டு நேரத்துக்கு நேரம் ஆழமாகிக்கொண்டே போனால் கொலெட்டைப் பார்க்க வேண்டும். தூளை மேலே தள்ளும் சுருள் பிட், மரத்துக்குள் தன்னைத் தானே கீழே இழுக்கும் தன்மை கொண்டது. கொலெட் தேய்ந்திருந்தாலோ உள்ளே தூள் இருந்தாலோ பிட் மெல்ல வெளியே நழுவும். வேலை முடிந்த பின் அதே பிட்டை மறுபடி தொடுமேடையில் தொட்டுப் பார்த்தால் நழுவல் எண்ணாகவே தெரிந்துவிடும்.

பூச்சியத்தை மரத்தின் மேலே வைப்பதா, அடிப்பலகையில் வைப்பதா என்பது வேலையைப் பொறுத்தது. எழுத்து வெட்டுவதற்கு மேற்பரப்பு. ஊடுருவ வெட்டி எடுக்கும் வேலைக்கு அடிப்பலகை. பலகையின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபட்டாலும் கடைசி வெட்டு சரியாக அடியைத் தொட்டு நிற்கும். இதற்கு அடிப்பலகையை அதே இயந்திரத்தாலேயே ஒரு தடவை சீவிச் சமப்படுத்தியிருக்க வேண்டும்.

மின்சாரம் நிற்கும்போது

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொடுகையை ஏற்படுத்தியதால் நாடு முழுவதுமே மின்சாரம் நின்றது. அறிவித்து வரும் வெட்டுக்கு வேலையை ஒத்திவைக்கலாம். அறிவிக்காமல் வருவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மின்சாரம் நின்றதும் மோட்டர்களின் பிடி விடுபடும். பட்டியில் தொங்கும் இசட் அச்சு றவுட்டரின் எடையால் தானாக இறங்கும். திருகுத்தண்டு அச்சு அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனாலும் மின்சாரம் வரும்போது சுழலி பக்கத்துக் காந்த நிலைக்குத் துள்ளும். ஆகவே நின்ற இடத்திலிருந்து தொடர்வது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். பிட்டை மேலே தூக்கி, ஹோமிங் செய்து, தொடுமேடையைத் தொட்டு, துளையைச் சரிபார்த்து, நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னிருந்து தொடங்குவதே வழி. பலகையை மட்டும் பிடியிலிருந்து அசைக்கக் கூடாது.

யுபிஎஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் கணினிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மட்டும் அதைக் கொடுக்கிறார்கள். அது ஆபத்தானது. றவுட்டர் நின்றுபோக அச்சுகள் தொடர்ந்து ஓடினால், சுழலாத பிட் மரத்தில் முட்டி உடையும் அல்லது படி தவறும். றவுட்டரின் மின்சாரம் நின்றதும் வேலையை நிறுத்திவைக்கும் ஒரு ரிலே இல்லாமல் யுபிஎஸ் பூட்டுவதைவிடப் பூட்டாமல் விடுவது மேல்.

மின்சாரம் இருக்கும்போதே பிடி விடுபடும் வழியும் ஒன்றுண்டு. ஜிஆர்பிஎல்லின் $1 அமைப்பு இயல்பாக 25 மில்லிவிநாடி. அசைவு நின்ற அவ்வளவு நேரத்தில் மோட்டர்களை விடுவித்துவிடும். பிட்டை மாற்றக் குறடு போடும்போது அச்சு தள்ளப்படுவது இதனால்தான். அதை 255 ஆக்கினால் மோட்டர்கள் எப்போதும் பிடித்தபடி இருக்கும். சற்றுச் சூடாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை, மோட்டருக்கு அந்தச் சூடு பொறுக்கும். மடிக்கணினி உறங்கப்போவதையும் அணைத்துவைக்க வேண்டும். யுஎஸ்பி இணைப்பு அறுந்து மீண்டும் திறந்தால் ஆர்டுயினோ ஊனோ தானாக மீளத் தொடங்கிவிடும்.

வெப்பமும் மரமும்

அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு மீற்றருக்கு 0.023 மில்லிமீற்றர் நீளும். 300 மில்லிமீற்றர்ச் சட்டம் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 10 பாகை சூடேறினால் 0.07 மில்லிமீற்றர். மரவேலைக்கு இது பொருட்டல்ல. மின்சுற்றுப் பலகை பொறிப்பவருக்கு மட்டும் பொருட்டாகும்: அங்கே செப்புப் படை 0.035 மில்லிமீற்றர் தடிப்பே. அந்தப் பலகைகள் 0.3 மில்லிமீற்றர் வளைந்திருப்பதும் சாதாரணம். அதனால் பலகையைக் கட்டம் கட்டமாகத் தொட்டு உயர வரைபடம் எடுத்து, வெட்டுப் பாதையை அதற்கேற்ப வளைக்கும் வசதி கேண்டில், பிசிஎன்சி போன்ற மென்பொருள்களில் இருக்கிறது.

மரத்தின் அசைவு இதைவிடப் பலமடங்கு. தேக்கு, ஈரப்பதம் ஒரு வீதம் மாறும்போது அகலவாட்டில் ஏறத்தாழ 0.2 வீதம் சுருங்கும் அல்லது ஊதும். 300 மில்லிமீற்றர் அகலப் பலகையில் அது 0.6 மில்லிமீற்றர். வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிவரை கொட்டுகிறது. அப்போது வாங்கி வைத்த பலகை வறண்ட மாதங்களில் பல வீதம் ஈரத்தை இழக்கும். மூலையில் பூச்சியம் வைத்தால் எதிர் விளிம்பில் முழுப் பிழையும் சேரும். நடுவில் வைத்தால் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். இரவு முழுவதும் பிடியில் கிடந்த பலகையில் மறுநாள் தொடர்வதானால், ஹோமிங் சரியாக இருந்தாலும் விளிம்புகளையும் மேற்பரப்பையும் மறுபடி தொட வேண்டும். எண் மாறியிருந்தால் மாறியது மரம், இயந்திரமல்ல; அப்போது ஜி54ஐப் புதிய அளவுக்குத் திருத்துவது சரி. அடிப்பலகைத் துளை தவறியிருந்தால் மட்டும் ஜி54ஐத் தொடாமல், எல்லை ஆளியிலிருந்து தொடங்கித் தேட வேண்டும்.